நல்லாத் தெரியுதுங்க

நாற்காலியில் உட்கார்ந்ததும், எதிர்ச்சுவர்த் திரையில் எழுத்துகள் வருவதற்கு முன்பே, அவர் சொல்லிவிடுவார்:

"நல்லாத் தெரியுதுங்க."

"இன்னும் நான் ஒண்ணுமே காட்டலீங்ணா."

"அப்படீங்களா? சரிங்க, காட்டுங்க. தெரியுமுங்க."

கோயமுத்தூரில் ஒரு தனியார் கண் மருத்துவமனையில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் போவதற்கு முன் நோயாளியை இருட்டறையில் உட்காரவைத்து எழுத்துப் படிக்கச் சொல்வது, கண்ணாடிப் பவர் பார்ப்பது, கண்ணின் அழுத்தம் அளப்பது, கண்பாப்பா விரிய சொட்டு மருந்து விடுவது, எல்லாம் என் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது பேர் வருவார்கள். வெளியே உச்சி வெயில் எரிந்துகொண்டிருந்தாலும் என் அறையில் எப்போதும் மாலைப்பொழுதுதான். அந்த அரையிருட்டில் முகங்கள் வரும், போகும். பெரும்பாலும் நினைவில் தங்காது. அவருடைய முகம் தங்கிவிட்டது.

முதல் காரணம், அது முழு முகமாகத் தெரிந்ததே இல்லை. ஊரில் வேறு யாரும் முகக்கவசம் போடாத காலம் அது. அவர் மட்டும் நீலத் துணி ஒன்றை மூக்குவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு வருவார். மாத்திரைகளால் கன்னம் இரண்டும் உப்பி, முகம் வட்டமாக இருக்கும். கைவிரல்களில் லேசான நடுக்கம். சட்டையின் மேல் பொத்தானுக்கு மேலே ஒரு தழும்பின் நுனி எட்டிப் பார்க்கும். ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார். முந்தின வருடம் அவருக்கு இதயத்தை எடுத்துவிட்டு வேறு இதயம் வைத்திருந்தார்கள்.

வைத்த இதயத்தை உடம்பு வேற்றாளாக நினைத்து விரட்டிவிடக் கூடாது. அதற்காக உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளைக் காலமெல்லாம் விழுங்க வேண்டும். அந்த மாத்திரைகள் கண்ணைத் தொடும். புரை வரவைக்கும், அழுத்தத்தை ஏற்றும், கிருமிகளுக்குக் கதவு திறந்துவிடும். அதனால் சில மாதங்களுக்கு ஒருமுறை கண்ணைப் பார்த்துவிடுங்கள் என்று இதய டாக்டர் எழுதி அனுப்பியிருந்தார். போத்தனூரிலிருந்து மனைவியோடு பஸ் ஏறி வருவார். மனைவி அறைக்கு வெளியே பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். இரண்டு பேரையும் நான் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை முதலில் மேடம் என்றார், பிறகு கண்ணு என்றார்.

முதல் நாள் வலது கண்ணில் ஐந்து வரி தடுமாறிப் படித்தார். இடது கண்ணுக்கு மாற்றியதும் அதே ஐந்து வரியை மளமளவென்று ஒப்பித்தார். எனக்குச் சந்தேகம் வந்தது. சத்தமில்லாமல் பொத்தானை அழுத்தித் திரையில் வேறு எழுத்துகளை வரவைத்தேன். அவர் பழைய எழுத்துகளையே, கடைசி வரி வரைக்கும், மிக மரியாதையாகப் படித்து முடித்தார்.

"அண்ணா, எழுத்து மாறிப்போச்சுங்ணா."

இருட்டில் அவர் காது சிவந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

"மனப்பாடமாயிருச்சுங்க மேடம். பழக்கதோசம். நீங்க காலையில இருந்து நின்னுட்டே இருக்கறீங்க. சீக்கிரம் முடிச்சா நீங்க செத்த நேரம் உக்காருவீங்கன்னு பாத்தேன்."

பழக்கதோஷம் என்று அவர் சொன்னது அவருடைய வேலையை. இதயம் கெட்டுப்போகும் வரை ரயில்வே ஸ்டேஷன் ஒன்றில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர். ரயில் எண், புறப்படும் நேரம், எந்த வண்டி எங்கே நிற்கும் என்பதெல்லாம் தலைக்குள் அடுக்கி வைத்திருந்தார். அதைவிட அதிகமாக அடுக்கி வைத்திருந்தது ஜனங்களின் குறைகளை. சில்லறை இல்லை, வரிசை நகரவில்லை, வண்டி தாமதம், ஜன்னலோர சீட்டு கிடைக்கவில்லை. கண்ணாடித் தடுப்பின் ஓட்டை வழியாக இருபத்தைந்து வருடம் அவர் காதில் விழுந்தது அதுதான்.

"ஒருத்தரையும் தப்புச் சொல்ல முடியாதுங்க. அவங்கவங்களுக்கு அவங்கவங்க கஷ்டம். ஆனா கேட்டுக் கேட்டு எனக்கு ஒண்ணு தோணிப்போச்சு. நம்ம பங்குக்கு நாமளும் ஒண்ணு சேத்த வேண்டாமுன்னு" என்றார் ஒருநாள், சொட்டு மருந்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு.

அந்தக் கொள்கை ரயில்வேயில் தொடங்கியது என்றாலும், ஆபரேஷனுக்குப் பிறகுதான் இறுகிப்போனது என்று அக்கா சொல்வார். இதயம் கொடுத்தவர் யாரென்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. வார்டில் யாரோ பேசியது காதில் விழுந்ததில், இருபத்து மூன்று வயதுப் பையன், ரோட்டில் அடிபட்டவன் என்பது மட்டும் தெரிந்திருந்தது. அதற்கு மேல் அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பையன் என்றுதான் இரண்டு பேரும் சொல்வார்கள். ஏதோ ஊருக்குப் போயிருக்கும் சொந்தக்காரப் பையனைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும்.

அவரைப் பெரிதும் மகிழ்வித்த செய்தி ஒன்றுண்டு. மாற்றி வைத்த இதயத்துக்கு நரம்புத் தொடர்பு அறுந்திருக்கும், அதற்கு ஏதாவது ஆனால்கூட நெஞ்சுவலி தெரியாமல் போகலாம் என்று இதய டாக்டர் சொல்லியிருந்தார். அதை என்னிடம் சொல்லிச் சிரித்தார். "பாருங்க கண்ணு, எனக்கேத்த மாதிரியேதான் கெடச்சிருக்குது. அதும் வாயத் தொறக்காதாமா."

அக்கா வாசலிலிருந்தே சொன்னார். "மீதியையும் சொல்லுங்க. அதனாலதான் சின்னதா ஒண்ணு தோணுனாலும் உடனே வந்து சொல்லோணும்னு டாக்டரு சொன்னாரு. அதைச் சொல்ல மாட்டீங்களே."

மாத்திரைகளால் வந்த புரைக்கு ஆபரேஷன் செய்தார்கள். அதற்கு முன்பு அவருடைய உலகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரிந்ததே ஆபரேஷன் முடிந்த பிறகுதான். அதுவரை நல்லாத் தெரியுதுங்க என்ற ஒரே பதில்தான். கட்டைப் பிரித்து ஒரு வாரம் கழித்து வந்தபோது, இனிச் சொல்வதில் யாருக்கும் சிரமமில்லை என்பதால் சொன்னார்.

"வெயில்ல போனா எதுக்க வர்றவங்க எல்லாத்துக்கும் தலையச் சுத்தி வெளிச்சம் இருக்குமுங்க கண்ணு. சாமி படத்துலயாட்ட. பஸ்ஸு வந்தா பஸ்ஸுக்கும் இருக்கும். மூஞ்சி யாருதுன்னு தெரியாது. ஆனா எல்லாரும் நல்லவங்களாட்டவே தெரிஞ்சாங்க. ஆறு மாசம் அப்படியே நடந்துட்டிருந்தேன்."

"இதை ஏன் அப்பவே சொல்லலீங்க?"

"ஒரு ஊட்டுல அழுதுட்டே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. அதை வாங்கி நெஞ்சுல வச்சுட்டு வந்து, எனக்கு வெளிச்சம் கூசுது, எழுத்து மங்குதுன்னு சொல்றதுக்கு வாய் வருமுங்களா?"

அவர் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. கனவு ஒன்றை நினைவுபடுத்திச் சொல்கிற ஆளைப்போல, என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். எனக்கும் அந்தச் சித்திரம் பிடித்துப்போனது. அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது மேம்பாலத்துக்கு மேலே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே வண்டிகளில் வருகிறவர்களை எல்லாம் தலையைச் சுற்றி ஒளியோடு வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் மறைத்ததை அழகு என்று நினைத்துக்கொண்டேன். அது என் தவறு.

என் பெரிய தவறு அதற்கடுத்த வருடம் நடந்தது. புது இதயத்தை உடம்பு ஒதுக்கப் பார்க்கிறது என்று பரிசோதனையில் தெரிந்து, மாத்திரைகளின் அளவைக் கூட்டியிருந்தார்கள். கூட்டியதால் கண் அழுத்தம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க என்னிடம் வந்தார். அன்று கூட்டம் கதவு வரைக்கும் நின்றது. எழுத்து நன்றாகப் படித்தார். இந்த முறை மனப்பாடம் இல்லை, மாற்றி மாற்றிக் காட்டித்தான் பார்த்தேன். அழுத்தமும் சரியாக இருந்தது.

"வேற ஏதாச்சும் தொந்தரவு இருக்குதுங்களா? இருந்தா சொட்டு விட்டு உள்ள பாத்துடலாம். முக்கா மணி நேரம் உக்காரோணும்."

"ஒண்ணுமில்லீங்க கண்ணு. கூட்டமா இருக்குது. அவங்களப் பாருங்க."

அவருடைய கோப்பில் 'தொந்தரவு ஏதும் இல்லை' என்று எழுதினேன். அதைப் பார்த்த டாக்டர், உள்ளே பார்ப்பதை அடுத்த முறைக்குத் தள்ளிவைத்தார். அவர் கும்பிட்டுவிட்டு, "போயிட்டு வாரேனுங்க" என்று கிளம்பினார். இவரைப்போலவே எல்லாரும் இருந்துவிட்டால் என் வேலை எவ்வளவு சுலபம் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

ஐந்து வாரம் கழித்து அக்கா அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். முந்தின நாள் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றும்போது டம்ளருக்கு வெளியே ஊற்றியிருக்கிறார். அதற்கு முந்தின நாள் இடது தோள் நிலைக்கதவில் இடித்திருக்கிறது. இடது பக்கமாக வந்து நின்ற பக்கத்து வீட்டுக்காரரைக் கவனிக்காமலே பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அக்கா அவருடைய வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடி, எதிரே விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டிருக்கிறார். அவர் சும்மா இருந்திருக்கிறார்.

கண்பாப்பா விரிந்ததும் விழித்திரை டாக்டர் பார்த்தார். இடது கண்ணின் உள்ளே வெள்ளையும் சிவப்புமாகப் படர்ந்திருந்தது. எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்பில் ஒரு வைரஸ் விழித்திரையைத் தின்றுகொண்டிருந்தது. வலி இருக்காது, கண் சிவக்காது. முதலில் ஓரத்தில்தான் பிடிக்கும், அதனால் எழுத்துகளைப் படிக்கவைக்கும் சோதனையில் அது தெரியவராது. பூச்சி பறப்பதுபோல, புகை ஓடுவதுபோல நிழல் ஆடும், அவ்வளவுதான்.

"எத்தனை நாளா இப்படி நிழல் ஆடுது?" என்று டாக்டர் கேட்டார்.

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "ரெண்டு மாசம் இருக்குமுங்க. மொதல்ல பஞ்சு பறக்கறாப்பல இருந்துச்சு. அப்பறம் கூட்டமா பறவை போறாப்பல. கண்ண நகத்துனா அதுகளும் நகந்து போகும். சாயங்காலம் வாசல்ல உக்காந்து பாத்துட்டிருப்பனுங்க. ஒண்ணும் தொந்தரவா இல்லீங்க."

இரண்டு மாதம். நான் கோப்பில் எழுதியபோது அந்தப் பறவைகள் ஏற்கெனவே பறந்துகொண்டிருந்திருக்கின்றன. முக்கால் மணி நேரம் உட்காரவைத்திருந்தால் பார்த்திருப்போம். அதை அன்றே அக்காவிடம் சொல்லிவிட்டேன். "நானும் விட்டுப்போட்டனுங்க்கா" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

அக்கா என்மேல் கோபப்படவில்லை. பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவான குரலில், அவருக்குக் கேட்கும்படியாக என்னிடம் சொன்னார்.

"அவரு சொல்லாததை எல்லாம் நான் தேடிட்டே திரியோணுமுங்க அம்மணி. காலையில எந்திரிச்சா மூஞ்சியப் பாக்கோணும். காலு வீங்கியிருக்குதான்னு பாக்கோணும். மூச்சு எப்படி வாங்குதுன்னு கதவுக்குப் பின்னால நின்னு கேக்கோணும். ரெண்டு வருசமா நான் பொண்டாட்டியா இல்லீங்க, போலீசாட்ட இருக்கறேன். யாருக்கும் செரமம் குடுக்கக் கூடாதுங்கறாரு. எனக்கு அலுத்துப்போச்சுங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தன்னுடைய குறைகளை எல்லாம் இவ்வளவு நாளாக யார் சுமந்துகொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. வெளிச்சம், நிழல் அளவுக்கு மட்டும் மிஞ்சியது. வலது கண் அப்போது சுத்தமாக இருந்தது. இதய டாக்டரோடு பேசி மாத்திரைகளைக் கொஞ்சம் குறைத்தார்கள். கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். மூன்றாவது ஊசிக்காகக் காத்திருந்தபோது அவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க கண்ணு."

"சொல்லுங்ணா."

"இந்த ஏசி நேரா தலைக்கே அடிக்குதுங்க. செத்த தள்ளி உக்காந்துக்கட்டுங்களா?"

சொல்லிவிட்டு ஏதோ குற்றம் செய்துவிட்டதுபோல உட்கார்ந்திருந்தார். அக்கா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, அடுத்த பெஞ்சைப் புடவைத் தலைப்பால் துடைத்து, "வாங்க" என்றார்.

அதன்பின் அவர்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. காலையில் காபி கைக்கு வருவதற்கு முன் அவர் ஒரு குறை சொல்ல வேண்டும். வலது கண்ணை மட்டும் திறந்து எதிர்வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டும். மூடி, குழாய், தொட்டியைச் சுற்றியுள்ள கோடுகள் எல்லாம் நேற்றுப்போலவே இருக்கின்றனவா என்று சொல்ல வேண்டும். முதல் நாள் வெகுநேரம் யோசித்துவிட்டு, "தெருவிளக்கு விடிஞ்சும் எரியுது" என்றாராம். "அதை கார்ப்பரேசன்காரங்ககிட்டச் சொல்லுங்க. உடம்புல சொல்லுங்க" என்றிருக்கிறார் அக்கா. இரண்டாம் நாள், வலது குதிகாலில் வெடிப்பு. மூன்றாம் நாள், காபியில் டிக்காக்‌ஷன் போதவில்லை. அன்றைக்கு அக்கா சிரித்துவிட்டாராம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் காபியைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமிருந்து காற்று அடிக்கிற ஆடி மாதம். காலை எட்டரை மணி. வெளியே தூறலா புழுதியா என்று தெரியாமல் வானம் மங்கிக் கிடந்தது. டோக்கன் வாங்க ஜனங்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். என் அறைக் கதவு தட்டாமலே திறந்தது. அவர் நின்றுகொண்டிருந்தார். முகக்கவசம் மூச்சுக்கு உள்ளே போய் வெளியே வந்தது.

"கண்ணு, எனக்கு ஒரு குறை இருக்குது. வலது கண்ணுல. தொட்டி மூடி மேல புகையாட்ட ஓடுது. நேத்து இல்லீங்க. இப்பவே பாக்கோணும்."

வரிசையில் இருந்த ஒருவர் பின்னாலிருந்து, "ஏனுங்க, நாங்கெல்லாம் ஆறரைக்கே வந்து நிக்கறோம்" என்றார்.

அவர் திரும்பினார். வரிசையில் நிற்கிறவர்களுக்காகவே வாழ்நாளெல்லாம் உட்கார்ந்திருந்த மனிதர். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். "தெரியுதுங்க. தப்புத்தானுங்க. ஆனா எனக்கு இருக்கறது இந்த ஒரு கண்ணுதான். நான் இன்னைக்கு நிக்க மாட்டனுங்க" என்றார். இடத்தை விட்டு நகரவில்லை.

ஆறரைக்கு வந்தவரே ஒதுங்கி வழிவிட்டார்.

விழித்திரையின் ஒரு ஓரத்தில், அரிசிமணி அளவுக்கு ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. அன்றே ஊசி போட்டார்கள். ஒரு மாதத்தில் அது ஆறித் தழும்பானது. பார்வை அப்படியே நின்றது.

எனக்குக் கல்யாணமாகி ஈரோட்டுக்கு மாறிப்போவதற்கு முந்தின மாதம் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். அழுத்தத்தைத் துல்லியமாக அளந்துவிடுங்கள் என்று டாக்டர் எழுதியிருந்தார். அதற்கு வேறொரு கருவி. கண்ணை மரக்கவைக்கும் சொட்டு விட்டு, மஞ்சள் சாயம் தொட்டு, ஊதா வெளிச்சத்தில் ஒரு சின்னக் கண்ணாடி முனையைக் கண்ணில் மெல்ல ஒற்ற வேண்டும். உள்ளே பச்சையாக இரண்டு அரைவட்டங்கள் தெரியும். அவை ஒன்றையொன்று தொடும் இடத்தில் அளவைக் குறிக்க வேண்டும். ஆனால் அவை சும்மா நிற்காது. ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் அந்தப் பச்சைக் கோடுகள் துள்ளும். தினமும் பார்ப்பதால் நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. அன்று என்னவோ சொல்லிவிட்டேன்.

"அண்ணா, உங்க இதயம் அடிக்கறது இதுல தெரியுதுங்ணா. கோடு ரெண்டும் துடிக்குது. கொஞ்சம் வேகமா."

முகவாயைத் தாங்கியில் வைத்திருந்ததால் அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. கருவியைப் பின்னுக்கு இழுத்தேன்.

"அந்தப் பையனா?" என்றார்.

"ஆமாங்ணா."

வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஊட்டுக்காரம்மா ஒருக்காப் பாக்கட்டுங்களா கண்ணு? அவதான் வெகுநாளா கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுட்டிருந்தா" என்றார்.

விதிப்படி கூடாது. அக்காவைக் கூப்பிட்டு என் ஸ்டூலில் உட்காரவைத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றதைக் கருவியின் குழலில் வைக்கச் சொன்னேன். கைப்பிடியை நானே பிடித்து, முனையை மெல்ல முன்னே தள்ளினேன். அறையில் ஊதா வெளிச்சம் மட்டும். அக்காவின் விரல்கள் மேஜையின் விளிம்பைத் தேடிப் பிடித்தன.

"தெரியுதுங்களாக்கா?"

சில நொடிகளுக்கு மேல் முனையைக் கண்ணில் வைத்திருக்கக் கூடாது. நான் இழுப்பதற்குள் அக்கா, குழலுக்குள் பார்த்தபடியே, தூங்குகிற பிள்ளையிடம் பேசுகிறவரைப்போல மெதுவாகச் சொன்னார்:

"நல்லாரு சாமி."